எட்டாவது அச்சு

அண்மையில் பதுளையில் ஒரு கண்காட்சி நடந்தது. பண்பாடுகளின் கலப்பு என்பது அதன் தொனிப்பொருள். ஊவாவின் பல ஊர்களிலிருந்தும் இளையவர்கள் தமது படைப்புகளைக் கொண்டுவந்திருந்தார்கள். என் தங்கச்சியின் பேத்தியும் லினோவில் வெட்டி அச்சிட்ட எட்டுப் படங்களைக் கொடுத்திருந்தாள். சுவரில் ஏழுதான் தொங்கின. எட்டாவது எங்கே என்று கேட்டேன். இடம் போதவில்லை என்றார்கள். பக்கத்தில் ஒரு முழுச் சுவர் வெறுமையாகக் கிடந்ததைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. “மற்ற ஏழும் வடிவானது சேர். அது மட்டும் நல்லிணக்கத்துக்குப் பொருந்தி வரல்ல.”

தொங்கவிடப்படாத அந்த அச்சுக்காகவே இதை எழுதுகிறேன். பிள்ளை எனக்கு உறவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறவுக்காக வாதாடுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் அன்று மண்டபத்தில் பேசப்பட்ட விடயங்கள் ஒரு பிள்ளையின் படங்களோடு முடிந்துபோகக்கூடியவை அல்ல. எமது கலைப் பாரம்பரியம் என்று நாம் எதை எடுத்துக் காட்டுகிறோம், எதைப் பரணில் போட்டு மறைக்கிறோம் என்ற கேள்வி அங்கே வந்துவிட்டது. அதற்கு நாம் இன்னும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை.

படங்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். எட்டிலும் ஒரே உருவம்: கழுத்து நீண்டு வயிறு பருத்த சீனப் பூச்சாடி. சாடியின் உடம்பை உடைந்த பீங்கான் துண்டுகள் நிரப்புகின்றன. ஒரு துண்டில் மேகச் சுருள், இன்னொன்றில் பாதிப் பூ, வேறொன்றில் ஓர் அரபு எழுத்தின் வால் மட்டும். ஏழு படங்கள் நீல மையில் அச்சிடப்பட்டவை. எட்டாவது கறுப்பு. அதன் சாடிக்குள் பீங்கான் துண்டு எதுவுமில்லை. ஒரு டின்பால் பேணி ஆணியில் தொங்குகிறது.

அந்தத் துண்டுகள் கற்பனையில் வந்தவை அல்ல. உம்மும்மாவிடமிருந்து உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து தங்கச்சிக்கும் வந்த ஒரு பெரிய பீங்கான் எங்கள் குடும்பத்தில் இருந்தது. விளிம்பைச் சுற்றி நீலப் பூக்கள், பூக்களுக்கிடையே அரபு எழுத்துக்கள், நடுவில் வெறும் வெள்ளை. பிள்ளைக்குக் காய்ச்சல், கண்ணூறு, பெண்ணுக்குப் பிரசவ வேதனை என்றால் லெப்பை வந்து அந்த வெள்ளையில் குங்குமப்பூக் கரைத்த மையால் இஸ்ம் எழுதுவார். எழுதியதைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் குடிக்கக் கொடுப்பார்கள். இந்த இதழின் வாசகர்களில் நடுவயது தாண்டிய எவருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்தத் தண்ணீரின் குங்குமப்பூ வாசம் பலருக்கு இன்னும் நாக்கில் இருக்கும்.

பிறகு காலம் மாறியது. இதெல்லாம் பித்அத் என்று எமது ஊர்களில் பயான்கள் நடந்தன. பீங்கான் அலுமாரியிலிருந்து பரணுக்கு ஏறியது. 2019 ஏப்ரல் 21க்குப் பிந்திய வாரங்களில் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, அரபு எழுத்து உள்ள எதையும் வைத்திருக்கப் பயந்தவர்களில் என் தங்கச்சியும் ஒருத்தி. பரணிலிருந்த பீங்கானை இறக்கி, சாக்கில் சுற்றி, அம்மியில் வைத்துக் குழவியால் உடைத்து, பின்வளவில் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தாள். உடைக்காமலே புதைத்திருக்கலாமே என்று பிறகொருநாள் கேட்டேன். “முழுசா இருந்தா வாசிச்சிருவாங்க நானா” என்றாள்.

சில வருடங்கள் கழித்து அந்த இடத்தில் மண் கொத்தும்போது பேத்தியின் கையில் துண்டுகள் அகப்பட்டன. அவள் அவற்றைக் கழுவி, காயவைத்து, கிடைத்த லினோலியத் துண்டுகளில் வெட்டத் தொடங்கினாள். படங்கள் பிறந்த கதை இதுதான்.

கண்காட்சியின் முடிவில் ஒரு கலந்துரையாடல். அங்கே இரண்டு விமர்சனங்கள் வந்தன. ஆலிமான ஒரு நண்பர், இஸ்லாமியக் கலை என்பது எழுத்தணியும் வடிவக்கணிதக் கோலமும்தான், சீனச் சாடி எமக்கு அந்நியம், அதுவும் பித்அத்துக்குப் பயன்பட்ட பாத்திரத்தைப் படமாக்கிப் பெருமைப்படுத்துவது கூடாது என்றார். முற்போக்கு எழுத்தாளரான இன்னொரு நண்பர், மலையகத்துப் பிள்ளை சீனச் சாடியை ஏன் வெட்டவேண்டும், கொழுந்துக் கூடையை வெட்டட்டும் என்றார். இருவரும் ஒருவரோடொருவர் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். சாடி அந்நியம் என்பதில் மட்டும் அன்று ஒரே அணியில் நின்றார்கள்.

இஸ்ம் எழுதிக் குடிப்பது ஆகுமா ஆகாதா என்பதை ஆலிம்கள் தீர்க்கட்டும்; நான் அந்த வழக்குக்குள் நுழையப்போவதில்லை. மருந்துப் போத்தலில் இருந்த மருந்து பயன் தந்ததா என்பது ஒரு கேள்வி. போத்தல் எங்கிருந்து வந்தது, யார் செய்தது, யார் கையால் எம்மிடம் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கூடாது என்றே வந்தாலும் இரண்டாவது செத்துப்போவதில்லை. எமது தூய்மைவாதிகள் முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

அந்நியம் என்ற சொல்லுக்கு வருவோம். பீங்கான் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்தில் பிங்கான் என்றால் கிண்ணம். அரபு மொழி அதை பின்ஜான் என்று வாங்கிக்கொண்டது; இன்று அரபு நாட்டில் கஹ்வா குடிக்கும் சின்னக் கோப்பைக்கு அதுவே பெயர். மலாய் மொழியில் பிங்கன், சிங்களத்தில் பிங்கான, தமிழில் பீங்கான். பதுளையில் ஒரு தமிழ்க் குடும்பமும் சிங்களக் குடும்பமும் மலாய்க் குடும்பமும் அடுத்தடுத்த வீட்டிலிருந்து தட்டைக் கழுவினால் மூன்று வீட்டிலும் கழுவப்படுவது ஏறத்தாழ ஒரே சொல்தான். இந்தச் சொல் கப்பலில் வந்தது. அதனோடு சாமானும் வந்தது.

சாமான் வந்ததற்கு மண்ணுக்குள் சாட்சி இருக்கிறது. 1977இல் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் அல்லைப்பிட்டியில் சோங் அரசர் காலத்துச் சீனக் கலங்களின் உடைவுகள் வெளிப்பட்டன. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் மாந்தையில் அகழ்ந்தபோது சீன ஓடுகளும் மேற்காசிய ஓடுகளும் ஒரே குழியில் கிடைத்தன. யுத்தம் அந்த அகழ்வை நிறுத்தியது. தமிழகக் கரையில் பெரியபட்டினத்தில் 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோதும் சீனக் கலங்களே பேசின. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட கப்பல் 9ஆம் நூற்றாண்டினது. அரபுக் கடலோடிகளின் முறைப்படி பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டது. அதன் வயிற்றில் ஏறக்குறைய 60,000 சீனக் கலங்கள். எமது மூதாதையர் எந்தக் கடலில் தொழில் செய்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய பத்திரம் வேண்டுமா?

இனி அந்த நீலம். வெள்ளைப் பீங்கானில் நீலச் சித்திரம் என்றதும் உலகம் முழுவதும் சீனம் என்றுதான் நினைக்கிறது. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் சிங்தேசென் சூளைகளில் அந்த நீலம் பெருகுவதற்குக் காரணமான கோபால்ட் தாது பாரசீகப் பகுதியிலிருந்து வணிகர்கள் கொண்டுபோனது. பிற்காலத்தில் சீனர் ஒரு வகை நீலத்துக்கு வைத்த பெயரே ஹுய்ஹுய் சிங், அதாவது முஸ்லிம் நீலம். 1505 முதல் 1521 வரை ஆண்ட செங்தே பேரரசரின் காலத்தில் அரபியும் பாரசீகமும் எழுதிய நீல வெள்ளைக் கலங்கள் அரச முத்திரையோடு செய்யப்பட்டன. தென்சீனத்தில் சாங்சோ பகுதியின் சூளைகள் தென்கிழக்காசிய முஸ்லிம்களுக்கென்றே அரபு எழுத்துத் தட்டுகளைச் செய்து அனுப்பின. ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் தர்காவுக்கு வக்பு செய்த சீனக் கலங்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆக, ஆலிம் நண்பர் அந்நியம் என்று ஒதுக்கிய சாடியின் நீலம் முஸ்லிம்கள் சுமந்துபோனது. சீனத்தின் மண்ணும் ஈரானின் தாதுவும் ஒரே சூளையில் வெந்தது. இதில் எந்தப் பாதியை அவர் கழுவி எடுக்கப்போகிறார்?

முற்போக்கு நண்பருக்கும் ஒரு வார்த்தை. கொழுந்துக் கூடையை வெட்டட்டும் என்றீர்கள். அந்தக் கூடைக்குள் இருப்பது என்ன? தேயிலை. தே என்ற அந்த ஓரெழுத்தே தென்சீனக் கரையின் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. 1824இல் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்குச் சீனத்திலிருந்துதான் தேயிலைச் செடி வந்தது. 1841இல் புசல்லாவையில் வோர்ம்ஸ் என்ற துரை சீனச் செடியை நட்டார். அசாம் செடி பரவியதும் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டதும் அதற்குப் பிந்திய கதை. நமுனுகுலை மலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சீனம் ஏற்கெனவே வேரோடி நிற்கிறது. கூடை உள்ளூர், சாடி வெளியூர் என்ற பிரிப்பு மண்ணைப் பார்க்காதவர்கள் செய்யும் பிரிப்பு.

இவ்வளவும் தூய்மை கேட்டவர்களுக்கு. ஆனால் எனக்கு அவர்களைவிட அதிகக் கோபம் இருப்பது, அந்த ஏழு படங்களைக் கைதட்டித் தொங்கவிட்டவர்கள் மீது.

கலப்பு என்ற சொல் இப்போது நன்றாக விலைபோகிறது. ஒரு பிறை, ஒரு தாமரை, ஒரு கொழுந்து, பக்கத்தில் ஒரு சீனப் பூச்சாடி. இவற்றை ஒரே சட்டகத்துக்குள் போட்டால் நல்லிணக்கம் என்று பெயர். எமது சஞ்சிகைகளின் அட்டைகளும் இதற்கு விலக்கல்ல. பண்பாடுகள் பூப்போல ஒன்றின்மேல் ஒன்று உதிர்ந்து கலந்தன என்ற ஒரு பொய்யை இந்தப் படங்கள் சொல்கின்றன. கலப்பு அப்படி நடக்கவில்லை. அதற்கு விலை இருந்தது, கணக்கு இருந்தது, பல நேரங்களில் அடியும் இருந்தது.

காலி மும்மொழிக் கல்வெட்டை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, செங் ஹ என்ற முஸ்லிம் கடற்தளபதி கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரை, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. மூவருக்கும் ஏறத்தாழச் சமமான காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று நீளும் அந்தப் பட்டியலில் வெண்கலப் பூச்சாடிகளும் உண்டு. ஆக, சீனப் பூச்சாடி தமிழோடும் பாரசீகத்தோடும் ஒரே கல்லில் ஏறி 600 வருடங்களுக்கு மேலாகிறது. எவ்வளவு அழகான சான்று! மேடையில் பேசுவோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். அதே செங் ஹ 1411 அளவில் இங்கே போரிட்டு அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார் என்பதைச் சொல்லமாட்டார்கள். அந்தக் கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது மதகின் மேல் மூடியாகக் கிடந்தது என்பதையும், மூன்றில் அதிகம் தேய்ந்துபோனது பாரசீகப் பகுதிதான் என்பதையும் சொல்லமாட்டார்கள். கல்வெட்டைச் சொல்பவர் மதகையும் சொல்லவேண்டும். அப்போதுதான் அது வரலாறு.

எங்கள் பீங்கானுக்கும் அப்படி ஒரு மதகு உண்டு. அதைக் கண்டுபிடித்தது பேத்திதான். துண்டுகளைப் பொருத்தி வைத்துப் பார்த்தபோது விளிம்பில் ஓரிடத்தில் பூங்கொடி சரியாகச் சேரவில்லை. ஒரு பூ பாதியில் வெட்டுப்பட்டு, அதை ஒட்டி இன்னொரு பூ தொடங்குகிறது. கையால் தீட்டியவன் அப்படி விடமாட்டான். அது அச்சு. செப்புத் தகட்டில் சித்திரத்தைச் செதுக்கி, கோபால்ட் கலந்த மையைச் சூடாகப் பூசி, மெல்லிய தாளில் அழுத்தி எடுத்து, அந்தத் தாளைத் தட்டின்மேல் ஒட்டித் தேய்த்து, தாளைக் கழுவிவிட்டு, மெருகூட்டிச் சூளையில் வைப்பார்கள். தாளின் இரு முனையும் சேருமிடத்தில் பூ வெட்டுப்படும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வளர்ந்த தொழில் இது. சீனனின் கைவேலையை மலிவாகப் போலி செய்து சந்தையைப் பிடிப்பதே அதன் நோக்கம். வில்லோ மரமும் பாலமும் இரண்டு பறவையும் உள்ள அந்தப் பிரசித்தமான நீலத் தட்டு 1790 அளவில் இங்கிலாந்தில் உருவானது. அதற்குச் சொல்லப்படும் சீனக் காதல் கதையும் இங்கிலாந்திலேயே புனைந்தது. ஒல்லாந்து தேசத்து மாஸ்திரிக்ட் நகரில் 1836இல் பேத்ருஸ் ரெகூ தொடங்கிய தொழிற்சாலை இப்படிப்பட்ட அச்சுத் தட்டுகளைக் கீழைத்தேசச் சந்தைகளுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது.

எங்கள் தட்டு எந்தச் சூளையில் வெந்ததோ, பூ சீனத்தது, எழுத்து அரபியினது, தொழில்நுட்பம் ஐரோப்பிய ஆலையினது. லெப்பையின் குங்குமப்பூ மை மட்டும்தான் பதுளையில் கரைத்தது. பரம்பரைச் சீனப் பீங்கான் என்று நாங்கள் பெருமைப்பட்டது ஒரு தொழிற்சாலை அச்சு. பேத்தி இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. “அப்ப நானும் அதையேதானே செய்றேன் மூத்தாப்பா” என்றாள்.

இனி எட்டாவது படத்துக்கு வருகிறேன்.

பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சந்தியில் வாப்பாவுக்குத் தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்குள் மூன்று வகைப் பாத்திரம். தோட்டத்துக் கிளாக்கரும் ரைட்டரும் வந்தால் பீங்கான் கோப்பையும் அடித்தட்டும். பஸ் சாரதிக்கும் ஊர்க்காரருக்கும் கண்ணாடிக் கிளாஸ். லயத்துச் சனங்களுக்கு, குறிப்பாகச் சாதியில் கீழ் என்று சொல்லப்பட்டவர்களுக்கு, கடைக்கு வெளியே தூணில் அடித்த ஆணிகளில் டின்பால் பேணிகள் தொங்கும். குடிப்பவரே எடுத்து, குடித்து, கழுவி, திரும்ப மாட்டவேண்டும். வாப்பா ஐந்து வேளை தொழுதவர். கந்தூரிக்கு ஆறு பேரை ஒரே சஹனைச் சுற்றி உட்காரவைத்து, ஒரே பாத்திரத்தில் கைவைத்துச் சாப்பிடுவதில் பரக்கத் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர். எங்களிடம் சாதி இல்லை என்று பள்ளியில் சொல்வோம். கடையில் பேணி ஆணியில் தொங்கியது.

இதை நான் பேத்தியிடம் எப்போதோ கதையாகச் சொல்லியிருந்தேன். அவள் அதை மறக்கவில்லை. பூச்சாடி எங்கள் வீட்டில் இருந்த சாமான் அல்ல, துரையின் பங்களாவில் இருந்தது. தட்டு எங்கள் வீட்டில் இருந்தது. பேணி எங்கள் கடைக்கு வெளியே தொங்கியது. இந்த மூன்றையும் ஒரே மலையில் கொண்டுவந்து சேர்த்தது ஒரே தேயிலைதான். ஏழு படங்களிலும் சாடிக்குள் எங்கள் தட்டை வைத்தவள், எட்டாவதில் பேணியை வைத்தாள். ஏன் அது மட்டும் கறுப்பு என்று கேட்டேன். “பேணியில எங்க நீலம் இருந்திச்சு?” என்று திருப்பிக் கேட்டாள்.

ஏற்பாட்டாளர்களுக்குப் பிடிக்காதது இதுதான். முஸ்லிம் பிள்ளை அரபு எழுத்தையும் சீனப் பூவையும் கலந்தால் அது கலப்பு. அந்தக் கலப்புக்கு வெளியே யாரை நிறுத்திவைத்தோம் என்று அதே பிள்ளை கேட்டால் அது குழப்பம். 2023இல் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். எம்மில் எத்தனை பேர் அதில் எமது கடைகளின் கதையைப் பேசினோம்? துரையைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் பேச எல்லோரும் தயார். கடன் கொப்பியையும் பேணியையும் பற்றிப் பேச ஒரு பள்ளி மாணவி வரவேண்டியிருந்தது. முற்போக்கு நண்பரே, மலையகத்தின் வலி எங்கே என்று கேட்டீர்களே, அது சுவரிலிருந்து அகற்றப்பட்டுக் கட்டுக்குள் கிடந்தது. நீங்கள் எட்டையும் எண்ணிப் பார்க்கவில்லை.

அச்சுக்கலை எமக்குப் புதிது, ஐரோப்பியக் கலைக்கூடங்களின் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். எகிப்தில் 10ஆம் நூற்றாண்டு தொடக்கமே அச்சுக்கட்டையால் தாளில் அச்சிட்ட தாயத்துக்கள் விற்கப்பட்டன. குட்டன்பர்க் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. இஸ்மை அச்சிடுவது எமது பழைய தொழில். அரபுத்தமிழ் நூல்கள் பல 19ஆம் நூற்றாண்டில் கல்லச்சில் வெளிவந்தன. ஒன்றோடொன்று பின்னி ஓடும் அரபு எழுத்தை ஈய அச்சுக்குள் அடைப்பது கடினம். கல்லில் கொழுப்பு மையால் எழுதினால் கை எழுதியபடியே வரும். 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் அச்சிட்டார். 1882இல் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கினார். அச்சுக்காகக் காசும் உயிரும் கொடுத்த சமூகம் இது. எழுத்தை அச்சிட்டவர்கள் சித்திரத்தை ஏன் கைவிட்டோம் என்றுதான் வியக்கவேண்டும்.

அலிகாரில் பிறந்து 2020இல் மறைந்த ஸரீனா ஹாஷ்மி, வீட்டை இழந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் நினைவை மரச்செதுக்கு அச்சுகளாக்கினார். 1999இல் அவர் செய்த 36 அச்சுகளின் தொகுதியில் ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல் இருக்கிறது. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. உருவம் கூடாது என்ற தயக்கத்தை மதித்துக்கொண்டே ஒரு முழு வாழ்க்கையை அச்சில் சொல்ல முடியும் என்பதற்கு அவர் அத்தாட்சி. அவரை எமது சஞ்சிகைகள் எத்தனை தடவை எழுதியிருக்கின்றன?

லினோவில் வெட்டும்போது எல்லாவற்றையும் தலைகீழாக, இடம் வலம் மாற்றி வெட்டவேண்டும். பேத்தி ஒரு கட்டையில் தமிழிலும் அரபியிலும் இரண்டு சொற்களை வெட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கட்டையில் தமிழ் வலமிருந்து இடமாக ஓடியது. அரபி இடமிருந்து வலமாக ஓடியது. தாளில் அழுத்தி எடுத்தபோது இரண்டும் தத்தம் வழிக்குத் திரும்பின. எந்த மேடைப் பேச்சும் எனக்குக் கற்றுத்தராத ஒன்றை அந்தக் கட்டை கற்றுத்தந்தது: மற்றவரின் திசையில் கொஞ்ச நேரம் உழைக்காமல் உன் சொல் தாளில் சரியாக விழாது.

ஆலிம் நண்பரின் ஒரு கவலையில் நியாயம் உண்டு. அச்சில் பிழைபட்ட தாள்கள் குப்பைக்குப் போகும்; அவற்றில் ஆயத்துகள் இருக்கலாமா? கூடாதுதான். பேத்தி இதை அவரிடம் கேட்காமலே தீர்த்திருந்தாள். எந்தத் துண்டிலும் முழு வசனமில்லை, முழுச் சொல்லுமில்லை. அவளுடைய உம்மும்மா உடைத்த உடைவிலேயே எழுத்துக்கள் பிரிந்துபோயிருந்தன. பயத்தில் நடந்த உடைவு ஒரு பேணுதலையும் தந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அச்சுப் படம் என்பது இந்நாட்டில் சின்ன விடயமல்ல. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பற் சுக்கானின் படம் அச்சிட்ட ஆடையை அணிந்திருந்தார். அது தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைதுசெய்து விளக்கமறியலில் வைத்தார்கள். கப்பலில் வந்தவர்களின் பேத்தி கப்பற் சக்கரத்தை உடுத்தியதற்குச் சிறை. ஒரு படத்தை வாசிக்கத் தெரியாத நாட்டில் படம் செய்வது துணிச்சலான வேலை. எமது பிள்ளைகள் அந்தத் துணிச்சலோடு வரும்போது, ஒருபக்கம் பித்அத் என்றும் மறுபக்கம் நல்லிணக்கத்துக்குப் பொருத்தமில்லை என்றும் நாமே வெட்டினால், பொலிஸுக்கு என்ன வேலை மிஞ்சும்?

ஆகவே சில காரியங்களைக் கேட்கிறேன். வீடுகளில் மிஞ்சியிருக்கும் பீங்கான்களை, சஹன்களை, சாடிகளைப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்கமுன் ஒரு படம் எடுத்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நாலு வரி எழுதிவையுங்கள். உடைந்திருந்தால் உடைவையும் எறியவேண்டாம். மத்ரஸாக்களில் எழுத்தணி கற்பிப்பவர்கள் கட்டையில் வெட்டவும் கற்பிக்கலாம். ஒரு லினோத் துண்டு, ஒரு உளி, ஒரு உருளை, கொஞ்சம் மை போதும். அழுத்துவதற்கு இயந்திரம்கூட வேண்டாம், அகப்பையின் முதுகே போதும். பேத்தி அப்படித்தான் செய்தாள். ஒரு கட்டையிலிருந்து நூறு பிரதி எடுக்கலாம். கொழும்பில் ஒருவர் வரவேற்பறையில் தொங்கவிடுவதையே லயத்து வீட்டிலும் தொங்கவிடலாம். ஓவியத்தில் வேறெதற்கும் இந்த வசதி இல்லை.

இந்த இதழின் ஆசிரியர் குழுவிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் எட்டுப் படங்களையும் போடுங்கள். ஏழை உள்ளே போட்டாலும் பரவாயில்லை. எட்டாவது அட்டையில் வரட்டும். வாப்பாவின் கடையைத் தெரிந்தவர்கள் பதுளையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பேணியில் குடித்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு எம்மைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்லட்டும். கேட்பதற்கு நான் இருக்கிறேன்.